தனிப் பீங்கான்

ஜும்ஆ முடிந்து முஹைதீன் மடவளை வீட்டுக்கு வந்தபோது, மனைவி கைரியா பாய் விரித்து நடுவில் சஹனை வைத்திருந்தாள். அந்தப் பெரிய தட்டைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். முஹைதீன் வழக்கம்போல அலுமாரியிலிருந்து தன் தனிச் சாப்பாட்டுப் பீங்கானை எடுத்துக்கொண்டு கதிரையில் போய் அமர்ந்தான்.

"எங்களோட ஒண்டா சாப்பிட ஒங்களுக்கு மனமில்லயா?" என்றாள் கைரியா.

"வயிறு சரியில்ல."

ஒரு வருடமாக அதே வயிறு. பாவி மனிதன், அவளைக் காப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். துணி வாங்கக் கொழும்புக்குப் போய்வந்த நாட்களில் தேடிக்கொண்ட எச்.ஐ.வி. அவன் இரத்தத்தில் இருந்தது. கண்டி கிளினிக்கில் தந்த மாத்திரைகளை ஒளித்து ஒளித்து, விட்டு விட்டு விழுங்கினான். வீட்டில் வாய் திறக்கவில்லை.

டாக்டர் யோகேந்திரன் சொல்லத்தான் செய்தார். "ஒண்டா இருந்து சாப்பிட்டா வராது. மனிசியோட சேரேக்க ஆணுறை கட்டாயம் வேணும். அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சோதிச்சுப் பாப்பம்."

அன்று ஆணுறைப் பெட்டியோடுதான் பஸ் ஏறினான். யுத்த காலம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கிளறினார்கள். சிப்பாய் ஒருவன் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் மடவளை ஆட்கள். முஹைதீனுக்கு உயிரே போய்விட்டது. பஸ் பாலத்தில் ஏறியதும் பெட்டியை மகாவலியில் எறிந்தான். பிறகு கிளினிக்கில் கொடுத்தபோதெல்லாம் வேண்டாமென்றான். பீங்கானைப் பிரிக்க யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதை மட்டும் பிரித்தான். கைரியாவோடு சேர்வதை நிறுத்தவில்லை.

மழைக்காலத்தில் கைரியாவுக்குக் காய்ச்சல் விடாமல் காய்ந்தது. இரத்தம் பார்த்தார்கள். அவளுக்கும் தொற்றியிருந்தது. டாக்டர் இருவரையும் இருத்தி எல்லாவற்றையும் விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கைரியா சஹனில் சோறு போட்டாள். அவன் பீங்கானை எடுக்கப் போனான். அவள் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இரிங்க. ஒண்டா சாப்பிட்டா வராதெண்டு ஒங்களுக்கு அப்பவே தெரியும்."

"வெக்கமா ஈந்திச்சு கைரியா. செக்பொயின்ட்ல அந்த உறைப் பெட்டிய ஊராக்கள் எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தவங்க அண்டைக்கே மறந்திருப்பாங்க." அவள் குரல் உடைந்தது. "நோய் வந்தத அல்லாஹ்ட நாட்டம் எண்டு பொறுத்திருப்பேன். மறைச்சதத்தான் பொறுக்க ஏலா. ஒரு வார்த்தை செல்லியிருந்தா நானே அந்த உறைய கேட்டு வாங்கியிருப்பேன். நீங்க என்னையா காத்தீங்க? ஒங்கட வெக்கத்தத்தான் காத்தீங்க."

பிள்ளைகளைக் கூப்பிட்டு, சோற்றைப் பிசைந்து அவர்கள் பக்கம் தள்ளினாள். முஹைதீன் பாயில் உட்கார்ந்து சஹனில் கைவைத்தான்.