மேற்கே போன ஆஸ்பத்திரி

எஞ்சினைக் கட்டடத்தின் தரையிலேயே போல்ட் போட்டு இறுக்கினால் கட்டடம் நடக்கும். ரேடியேட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில், மணிக்குப் பதினோரு அடி. எஞ்சினை அணைத்தால் கட்டடமும் நின்றுவிடும். முப்பது வருடமாக எஞ்சின்களை நிலையாக நிறுத்திக் கொடுப்பதுதான் என் தொழில். மாவு மில், ஐஸ் ஆலை, ஒரு கல்யாண மண்டபம் என்று பலவற்றைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் கமருன்னிசா போனில் சுருக்கமாகப் பேசினார். ஜெனரேட்டர் வைத்து இரண்டு மாதம் ஆகிறதாம். கரண்டு போகும்போதெல்லாம் ஓட்டியதில் ஆஸ்பத்திரி அறுநூறு அடி மேற்கே வந்துவிட்டதாம்.

"முன்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கண்மாய்."

"எவ்வளவு தூரத்துல?"

"அறுபது அடி. நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, ஒம்பது மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் கரண்டு இருக்காது."

எட்டு மணி நேரத்துக்கு எண்பத்தெட்டு அடி. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியபோது கேட்டும், பெயர்ப் பலகையும், போர்வெல் போட்டதில் மிஞ்சிய இரண்டு இரும்புக் குழாய்களும் மட்டும் இருந்தன. டீக்கடைக்காரம்மா என் கையிலிருந்த ஸ்பேனர் பையைப் பார்த்துவிட்டு, "மேக்க போங்க அண்ணாச்சி. கருவேலத்தத் தாண்டுனா கண்ணுல படும்" என்றார். ஆஸ்பத்திரி போன தடம் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. தடத்தின் ஓரமாகக் கரண்டு ஆட்கள் ஒவ்வொரு கம்பமாகக் கூடுதலாக நட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். கடைசிக் கம்பம் புதிதாக இருந்தது.

ஜெனரேட்டர் கட்டடத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தது. பதித்தவர்கள் தரை ஓட்டின் மேலேயே நாலு போல்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எஞ்சினுக்கு இரண்டு அடி தள்ளி டீசல் டிரம். பெல்ட்டுக்கு மூடி இல்லை. அறைக்குக் கதவு இருந்தது. அதன்மேல் 'சத்தம் வராமல் சாத்தி வைக்கவும்' என்று எழுதியிருந்தது. முதலில் அந்தக் கதவைக் கழற்றிப் பூவரச மரத்தடியில் சாய்த்து வைத்தேன்.

"அடுத்த அறைதான் பிள்ளை பெத்தவங்க படுக்கிற வார்டு. சத்தம் போகுமே?" என்றார் சிஸ்டர் எஸ்தர் ராணி. அங்கே பதினெட்டு வருடமாக நர்ஸாக இருப்பவர்.

"போகட்டும், சிஸ்டர்" என்றேன்.

முறையாகச் செய்வதென்றால் எஞ்சினுக்குத் தனிக் குழி வெட்டி, கட்டடத்தைத் தொடாமல் தனிக் கான்கிரீட் மேடை போட வேண்டும். மேடை இறுக ஏழு நாளாவது ஆகும். எங்களிடம் இரண்டு மணி நேரம் இருந்தது. போல்ட் போடாமல் ஓட்டினால் எஞ்சின் துள்ளிக் கவிழும். எஞ்சினைத் திருப்பி வைத்தால் கட்டடம் கிழக்கே வரும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கண்மாயை ஒரு தடவை பார்த்தார்.

"திருப்புங்க அண்ணாச்சி. எண்பத்தெட்டு அடி கிழக்கே வந்தா பரவாயில்லை, நோயாளிங்க நடக்குற தூரம் குறையும்."

வார்டில் பிள்ளை பெற்றவர்கள் ஏழு பேர் படுத்திருந்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருந்தவள் அன்று ஒருத்திதான். செண்பகவல்லி, தலைப்பிரசவம். அவள் கணவன் சொரிமுத்து ஆட்டோ ஓட்டுகிறவன். முந்தின நாள் மாலை இட்லி வாங்கப் போனவன், திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி இருபது அடி தள்ளி இருந்ததால் இட்லி ஆறிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். அவனையும் காவலாளியையும் உதவிக்கு அழைத்தேன். எஞ்சின் நானூறு கிலோ. உருளைத் தடிகளைக் கீழே கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி அரை வட்டம் திருப்பினோம். ரசமட்டத்தை வைத்து நாலு பக்கமும் பார்த்து மறுபடி போல்ட்டுகளை இறுக்கினேன். மட்டம் தப்பினால் கட்டடம் வளைந்து போகும். போன வருடம் ஒரு மாவு மில் அப்படி வட்டமடித்துத் தன் வாசலைத் தானே இடித்துக்கொண்டது.

டீசல் டிரம்மை வெளியே உருட்டினோம். பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டினேன். எட்டரை மணிக்கு ஒரு விஷயம்தான் பாக்கி இருந்தது. எஞ்சினைத் திருப்பியதில் புகை வரும் வாய் வார்டுச் சுவரைப் பார்த்து நின்றது. சுவரின் மேல்பகுதியில் காற்றுக்காக வைத்த சதுர ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

பஸ் நிறுத்தத்தில் கிடந்த குழாய்களைச் சொல்லி சொரிமுத்துவை அனுப்பினேன். அவன் ஆட்டோவில் அவற்றைக் குறுக்கே வைத்து, ஊரின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. முதல் குழாயை எஞ்சினோடு இணைத்து மேற்கு ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். இரண்டாவதை வெளியே கூரைக்கு மேல் ஏற்ற வேண்டும். அதை இணைப்பதற்குள் கரண்டு போய்விட்டது.

டாக்டர் கையுறையோடு வாசலுக்கு வந்தார்.

"குழந்தையோட இதயத் துடிப்பு இறங்குது. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். எஞ்சினைப் போடுங்க."

"குழாய் இன்னும் வெளியே போகல டாக்டரம்மா. பத்து நிமிஷம் குடுங்க."

"எங்கிட்ட பத்து நிமிஷம் இல்ல. ஜன்னலைத் திறந்து வச்சிட்டு ஓட்டுங்க. புகை வந்தா வரட்டும்."

"கண்ணுக்குத் தெரியுற புகைய நான் சொல்லல. அதுகூட வர்ற விஷக் காத்து தெரியாது."

"அண்ணாச்சி, உள்ள ஒரு உசிரு இல்ல, ரெண்டு உசிரு."

"வார்டுல ஏழு பேரு இருக்காங்க" என்றேன். பிறகு, வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "என்கூட ராசலிங்கம்னு ஒருத்தர் வேலை பாத்தாரு. ஒரு மத்தியானம் மழை. எஞ்சின் ஓடிக்கிட்டிருந்த ரூம்ல சாக்கு விரிச்சுப் படுத்திருந்தாரு. சாரல் அடிக்குதேன்னு கதவைச் சாத்தினது நான்தான். சாயங்காலம் டீ கொண்டுபோய் எழுப்பினேன். அவர் எந்திரிக்கல. ஒரு வாடை இல்ல, ஒரு இருமல் இல்ல."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கோபம் போகவில்லை.

"நான் பேட்டரி விளக்குல ஆரம்பிக்கிறேன். ஏழு நிமிஷம். அதுக்கு மேல போச்சுன்னா நானே வந்து ஸ்விட்சைப் போடுவேன்."

சொரிமுத்து கூரைமேல் ஏறிக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் ஏணியில் நின்று இணைப்பின் போல்ட்டுகளை முடுக்கினேன். மூன்றாவது நட் கை நழுவி மண்ணில் விழுந்தது. இறங்கித் தேடினேன். உள்ளே செண்பகவல்லியின் சத்தம் நின்றுபோயிருந்தது. மயக்க ஊசி போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலேயிருந்து சொரிமுத்து, "அண்ணாச்சி, அவ சத்தம் கேக்கலையே" என்றான்.

"குழாயப் பிடி" என்றேன்.

நட் பூவரசங்காய்களுக்கு நடுவில் கிடந்தது. முடுக்கினேன். இணைப்பைச் சுற்றிச் சூடு தாங்கும் கல்நார் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். உள்ளே ஓடி ஸ்விட்சைப் போட்டதும் சேவலைப் போல அலறிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. புகை கூரைக்கு மேலே போய்க் கண்மாய்ப் பக்கம் திரும்பியது. வார்டின் காற்றோட்டைகளில் கையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் சூடு இல்லை. ஆஸ்பத்திரி ஒரு முறை குலுங்கிவிட்டுக் கிழக்கே கிளம்பியது.

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் ஸ்விட்சைப் போட வரவில்லை. அவர் கை வேலையாக இருந்தது.

கருவேல மரத்தின் முதல் கிளை ஜன்னலில் உரசும்போது குழந்தை அழுதது. சொரிமுத்து கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை இறக்குவதற்குள் கட்டடம் ஒரு அடி போய்விட்டதால் ஏணியையும் நகர்த்த வேண்டியிருந்தது. குழந்தை அந்த நேரத்தில் இரண்டு ஊராட்சிகளின் எல்லையைக் கடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் எஸ்தர் ராணி பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்பதற்கு எதிரே, தலைக்கு ஒரு ஊரையும் காலுக்கு ஒரு ஊரையும் எழுதினார். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். கூரைக்கு மேல் போகும் குழாயை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த கதவுப் பக்கம் திரும்பினார். அது இப்போது நாற்பது அடி பின்னால் இருந்தது.

"சிஸ்டர், அந்தக் கதவை விறகுக்குக் குடுத்துருங்க" என்றார்.

பிறகு என்னிடம் வந்தார். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். ராசலிங்கத்தின் பெயரை ஒருவரிடம் சொல்லிவிட்டு அன்றுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி நின்ற இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதன் நிழல் பிரசவ அறை ஜன்னலில் விழுந்தது. இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். கட்டடத்துக்கு இருபது அடி தள்ளிக் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டேன். கட்டடத்துக்கும் மேடைக்கும் இடையே வயர் தவிர வேறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றினோம். அதற்குள் செண்பகவல்லி குழந்தையோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் எஞ்சினை மேடையில் இறக்கி, அடியில் ரப்பர் மெத்தை கொடுத்து, இரண்டு மணி நேரம் ஓட்டினேன். வார்டு ஜன்னலில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். அது தளும்பவில்லை. சிஸ்டர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். கீழநாட்டுக்குறிச்சியில் மிளகாய்த் தோட்டம் வைத்திருப்பதாகவும், அங்கே கிணற்றுக்கு ஒரு பம்ப் எஞ்சின் வைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார். கிணற்றின் ஆழம் தெரியாமல் எந்த எஞ்சின் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் பக்கத்தில் பாய்போலச் சுருட்டி வைத்திருந்த கிணற்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். ஓரத்தைப் பிரித்து எட்டிப் பார்த்தேன்.

"அறுவது அடி இருக்குமா?"

"அறுவத்திரண்டு."

"தண்ணி சிந்தாம கொண்டாந்தீங்களா?"

"ரெண்டு குடம் பஸ்ஸுல போச்சு. கண்டக்டர் ஒண்ணும் சொல்லல."

ஐந்து குதிரைத்திறன் போதும் என்றேன். அவர் கிணற்றை வாங்கி மறுபக்கம் வைத்துக்கொண்டு, நான் உட்காரத் தள்ளி இடம் விட்டார்.