முன் பெஞ்சு

கத்தோலிக்கக் கோயிலை நிர்வகிக்கிற பங்குப் பேரவையின் செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கோயிலையும் அவர் இன்னொரு ஷோரூமாகத்தான் பார்த்தார். பீடத்துக்கு முன்னால் முகம் பார்க்கிற மாதிரி தரை போட்டுக் கொடுத்துவிட்டு, ஓரமாகத் தன் அப்பா பெயரைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் தரையில் கால் வைக்க ஆள் வருகிறதா இல்லையா என்று பத்து வருஷமாக ஐயா கவலைப்பட்டதே கிடையாது. பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அவருக்குப் பதறியது.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிஸ்டர் வந்து பூசைக்கு வருகிறவர்களை எண்ணிப் பார்ப்பார். நூறு பேர் தேறாத கோயில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கோயிலோடு சேர்க்கப்படும். கட்டடத்தை என்ன செய்வதென்று பிறகு முடிவெடுப்பார்கள்.

வழக்கமாக வருவது நாற்பது பேர். அதிலும் பத்துப் பேர் வாசலில் நின்று போனில் பேசுகிற பக்திமான்கள்.

பேரவை கூடியது. மூன்று மணி நேரம் பேசினார்கள். நூற்றாண்டுப் பாரம்பரியம் என்றார்கள், முன்னோர்களின் வியர்வை என்றார்கள், ஒருத்தர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோயில் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பீடத் துணிகளை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரி காதில் எல்லாம் விழுந்தது. "மூஞ்சியப் பாரு" என்று துணிகளிடம் சொல்லிக்கொண்டாள்.

அவள் சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். ஊரில் யார் சட்டைக் காலரில் எவ்வளவு அழுக்கு என்பது அவளுக்குத் தெரியும். பேரவைக்காரர்களைக் கண்டால் அவளுக்கு இளப்பம். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். காரணம் பின்னறை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய வகுப்பறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தர் திங்கள் முதல் சனி வரை அங்கே ஆறு பேரைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு பேரும் வளர்ந்தவர்கள், மனசு மட்டும் சின்ன வயதிலேயே நின்றுபோனவர்கள். அவர்களில் ஒருவன் இவள் தம்பி. வயது முப்பத்தெட்டு. அந்த அறை திறப்பதற்கு முன்னால் நாலு வருஷம் அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். வீட்டுக் கதவின் உள்பக்கம் அவன் கை எட்டுகிற இடத்தில் பெயின்ட் கிடையாது. நகத்தால் சுரண்டியே தீர்த்திருந்தான். கோயில் போனால் பின்னறை போகும். பின்னறை போனால் மறுபடி பூட்டு.

செயலாளர் ஒருநாள் சலவைக் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எண்ணுற அன்னிக்கு நம்ம முந்திரிக்கொட்டைய வீட்டுலயே வெச்சுக்கோ."

தம்பிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. பூசையில் எல்லோரும் 'ஆமென்' சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் இவன் உரக்கச் சொல்லிவிடுவான். செயலாளர் மகள் கல்யாணத்தில் பெண் சம்மதம் சொல்வதற்குள் இவன் 'ஆமென்' போட்டுவிட்டான், வீடியோவிலும் அது கணீரென்று பதிந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவர வேண்டாம் என்று உத்தரவு.

"ஆறு மாசமா வீட்டுலதானே சார் வெச்சிருக்கேன்."

"அது தெரியும். அன்னிக்கு இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா இரு. சிஸ்டர் முன்னாடி அசிங்கமாயிடும். கோயில் நெலச்சாத்தான் பின்னறை நெலைக்கும், உனக்கு நான் சொல்லணுமா?"

இஸ்திரிப் பெட்டி கையில் சூடாக இருந்தது. அவர் மூஞ்சியில் ஒரு மடிப்பு எடுக்கலாமா என்று தோன்றியது. "சரிங்க சார்" என்றாள். அந்த 'சரிங்க சார்'தான் அவளுக்கு வாய்த்த ஒரே தைரியம். அன்று மாலை தம்பியிடம், "ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வரக்கூடாதுடா, சரியா?" என்று ஆறு மாசமாகச் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். எதிர்வீட்டுத் தையல்காரியிடம் அன்றைக்கு மட்டும் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவைத்தாள்.

செயலாளரின் திட்டம் எளிமையானது. கடையிலும் கிடங்கிலும் வேலை செய்கிற அறுபது பேரையும் ஞாயிறு காலை பூசைக்கு வரச்சொன்னார். கிறிஸ்தவன், அல்லாதவன், எதுவுமே இல்லாதவன் எல்லாம் அதில் அடக்கம். அவர்களுக்கு அவர் நடத்திய ஞான உபதேசம் ஒரு நிமிஷம் நீண்டது. "முன்னாடி இருக்கிறவன் என்ன செய்றானோ அதச் செய்ங்க. நிக்கிறானா, நில்லுங்க. உக்கார்றானா, உக்காருங்க. நன்மை வாங்க மட்டும் யாரும் போயிடாதீங்க, சாமியார் குடுக்கிற அந்த அப்பம் ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு மட்டுந்தான்."

நல்ல திட்டம்தான். தன் பங்கு மக்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். அங்கே எவனும் முன்னால் உட்கார மாட்டான். கடைசி பெஞ்சைப் பிடிப்பதற்காகவே சீக்கிரம் வருகிற சனம் அது. முன்வரிசை ஆறு பெஞ்சும் வருஷக்கணக்காகத் தூசி தின்றுகொண்டிருந்தன.

அந்த ஞாயிறும் அப்படித்தான். நாற்பது பேரும் பின்னால் ஈ மாதிரி அப்பிக்கொண்டார்கள். அறுபது பேரும் வந்தார்கள். பின்னால் இடமில்லை. மரியாதை தெரிந்தவர்கள், நேராக முன்னால் போய் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சு மட்டும் காலி. அவர்களுக்கு முன்னால் பார்த்துச் செய்ய ஒரு ஜீவன் இல்லை, பீடமும் சிலுவையும்தான் இருந்தன.

செயலாளர் வாசலில் சிஸ்டரை வரவேற்றுப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கையில் எண்ணுகிற சின்னக் கருவி, அழுத்தினால் டிக்கென்று சத்தம் வரும். டிக், டிக், டிக். நூறைத் தொட்டதும் ஐயாவின் முகம் அவர் போட்ட தரை மாதிரி மின்னியது.

மணி அடித்தது. சாமியார் வந்தார். ஒருத்தரும் எழவில்லை.

பின்னால் இருந்த நாற்பது பேராவது எழுந்திருக்கலாம். இரண்டு பேர் அரைகுறையாக எழுந்தார்கள், முன்னால் அறுபது முதுகு அசையாமல் இருப்பதைப் பார்த்தார்கள், சட்டம் ஏதோ மாறிவிட்டது போலிருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டார்கள். பிறந்ததிலிருந்து பூசை பார்க்கிற ஆட்கள்! கடைசி பெஞ்சு ஓரத்தில் இஸ்திரிக்காரி மட்டும் தூணோடு தூணாக நின்றாள். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சாமியார் சின்ன வயதுக்காரர். எழச் சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, எதையும் பார்க்காதவர் போல ஜெபத்தை ஆரம்பித்தார். பதில் சொல்ல ஆளில்லாமல் அவர் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. செயலாளர் வாசலிலிருந்து இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டினார். முதுகில் யாருக்குக் கண் இருக்கிறது?

நற்செய்தி வாசிக்கப் போகிற நேரத்தில் வாசலில் தையல்காரி வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி.

இஸ்திரிக்காரி வாசலுக்கு ஓடினாள். "எதுக்குடி கூட்டிட்டு வந்த?"

"நான் என்னக்கா பண்ணுவேன்? உங்க செயலாளர் நேத்து வந்து என்னையும் வந்து உக்காரச் சொல்லிட்டாரு. இவன எங்க விடுறது? வரக்கூடாதுன்னு வழியெல்லாம் அழுதுட்டே வந்தான். உள்ள வந்தப்புறம்தான் வாய மூடினான்."

அதற்குள் அவன் நடுவழியே விறுவிறுவென்று நடந்துவிட்டான். முதல் பெஞ்சு, நடுவில், அவனுடைய பழைய இடம். போய் நின்றான். கையைக் கட்டினான். அல்லேலூயாவை அடிவயிற்றிலிருந்து பாடினான்.

அப்பாடா என்று அறுபது பேரும் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து நாற்பது பேரும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு பூசை நடத்தியது அவன்தான். அவன் உட்கார்ந்தால் கோயில் உட்கார்ந்தது. அவன் முழங்காலிட்டால் கோயில் முழங்காலிட்டது. அவன் ஒரு மூச்சு முந்தி 'ஆமென்' சொன்னான், நூறு பேரும் சாமியாரைத் தாண்டி முந்திக்கொண்டு சொன்னார்கள். நடுவில் ஒரு தடவை அவன் திரும்பி, பின்னால் இருந்த அக்காவைப் பார்த்துக் கையாட்டினான். முன்வரிசை மொத்தமும் திரும்பிக் கையாட்டியது. சிஸ்டர் எண்ணுகிற கருவியைப் பையில் போட்டுவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

நன்மை வாங்க அவன் எழுந்தபோது அவனுக்குப் பின்னால் கிடங்கு ஆட்கள் இருபது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். செயலாளர் ஓடிவந்து, கையை விரித்து, மாட்டை மறிப்பதுபோல் மறித்தார். அப்பா பெயர் வெட்டிய கல்லின் மேலேயே வழுக்கி உட்கார்ந்தார்.

பூசை முடிந்ததும் சிஸ்டர் நேரே தம்பியிடம்தான் போனார். செயலாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "நம்ம பங்குப் பிள்ளைதான் சிஸ்டர். இவங்களுக்காகவே பின்னாடி ஒரு சேவை நடத்துறோம். பேரவையோட உயிரே அதுதான்."

த்தூ, என்று இஸ்திரிக்காரி மனசுக்குள் துப்பினாள். பின்னறைக்குள் அந்த ஆள் கால் வைத்ததே கிடையாது.

"பூசை முழுக்கத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, தினமும் வருவீங்களா?" என்று சிஸ்டர் தம்பியைக் கேட்டார்.

"தினமும் வருவேன்" என்றான் பெருமையாக. "ஞாயித்துக்கிழம மட்டும் வரக்கூடாது."

சிஸ்டர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். இஸ்திரிக்காரிக்குக் குளுகுளுவென்றிருந்தது. மாட்டினாயா மகனே.

"யாரு சொன்னாங்க, வரக்கூடாதுன்னு?"

அவன் யோசிக்கவே இல்லை. கையை நீட்டிக் காட்டினான்.

"அக்கா."

மூன்று வாரம் கழித்து ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை இனிமேல் பெரிய கோயிலில். இந்தக் கட்டடம் முழுவதும் பின்னறைக்காரர்களுக்கு. இன்னும் இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். பாரம்பரியம், வியர்வை என்று அழுதவர்கள் மறு ஞாயிறே பெரிய கோயிலுக்குப் போய் அங்கேயும் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பியை வைத்துப் பூட்டிய அந்தப் பழைய பூட்டு இனி வேண்டாம் என்று இஸ்திரிக்காரி அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

முதல் ஞாயிறு காலையில் தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். மடிப்புக் கலையாமல் அவளே இஸ்திரி போட்ட சட்டை.

"வாடா, பெரிய கோயிலுக்குப் போலாம். முன் பெஞ்சுல உக்காரலாம்."

அவன் வரவில்லை. கதவுக்கு உள்பக்கம், பெயின்ட் போன இடத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"ஞாயித்துக்கிழம வரக்கூடாது."

"வரலாம்டா. இனிமே வரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்ல?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, மறந்துபோனவளுக்கு எடுத்துச் சொல்கிறவன் போலச் சொன்னான்.

"நீதானேக்கா சொன்ன."