பதினேழாம் நம்பர் கேன்

போர்மேனின் மச்சினன் துருவத்துக்குப் போய்வந்தது மொத்தம் ஒன்பது நாள். அதில் ஏழு நாள் கப்பல் அறையில் குப்புறக் கிடந்து, பிறந்ததிலிருந்து தின்றதையெல்லாம் ஒரு வாளியிடம் ஒப்படைத்தான். மிச்ச இரண்டு நாளும் மூடுபனி. ஜன்னல் வழியே அவன் கண்ட துருவம் ஒரு கைக்குட்டை அகலம் இருந்தால் அதிகம். அந்தக் கைக்குட்டையை இழுத்து இழுத்து ஒரு கண்காட்சியே போட்டுவிட்டான்.

ஓவியன் அல்லவா, கைவேலைக்குக் குறைச்சல் இல்லை. சுவரெல்லாம் வெள்ளை, கூரையில் நீல விளக்கு, ஒலிபெருக்கியில் ஊளைக்காற்று. நடுவே மார்பளவு உயரத்தில் ஒன்பது பனிக்கட்டிகள் நிமிர்ந்து நின்றன. வாசலில் பலகை: "துருவக் கடலின் ஒன்பது திசைகளில் மிதந்த பத்தாயிரம் வயதுப் பனிக்கட்டிகள்."

அவற்றின் உண்மையான வயது நாற்பத்தெட்டு மணி நேரம். பிறந்த இடம், மூன்று தெரு தள்ளியிருந்த ஐஸ் ஃபேக்டரி. பெற்றுப் போட்டவர் போர்மேன்.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் ஃபேக்டரிக் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் இரண்டு நாள் வராவிட்டால் கம்ப்ரஸருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். மச்சினன் வந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பலகையில் தன் பெயர் வேண்டும். முப்பத்தாறு வருடம் ஐஸ் செய்தவர். செய்ததெல்லாம் தண்ணீராகிப் போனதே தவிர, எங்கேயும் அவர் பெயர் எழுதப்பட்டதில்லை.

"என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க? என் பேருக்கு மேலயே போடுறேன்!" என்றான் மச்சினன்.

திறப்பு விழா அன்று போர்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் போய்ப் பலகையைப் படித்தார். விளக்குப் போட்டவர் பெயர் இருந்தது. தரை விரித்தவர் பெயர் இருந்தது. பழச்சாறு கொடுத்த கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். அப்போதும் இல்லை.

"மாப்ள, என் பேரு எங்க?"

சுற்றிலும் பெரிய மனிதர்கள். மச்சினன் அவர் தோளில் கை போட்டு அவர்கள் பக்கம் திருப்பினான். "இவரு எங்க மச்சான். ஐஸ் கம்பெனியில இருந்தவரு. எங்க ஐஸைப் பார்த்தாலும் அடியில மீன் இருக்கான்னு குனிஞ்சு பார்ப்பாரு!"

கூடமே சிரித்தது. பெரிய மனிதர்கள் சிரித்தது போகட்டும். அவருடைய வீட்டுக்காரியும் சிரித்தாள். கையேட்டால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள்; ஆனால் தோள் குலுங்கியதை எந்தக் கையேட்டால் மூட முடியும்? தம்பி என்றால் அவளுக்குத் தனி வாஞ்சை. போர்மேனுக்கு உச்சந்தலையில் மூண்ட தீயில் அந்த ஒன்பது ஐஸ் பாரும் ஆவியாகாதது அதிசயம்தான்.

"உன்னை விட்டேனா பார்" என்று பழச்சாற்றுக் கோப்பையிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

பழிவாங்க அவரிடம் இருந்த ஆயுதம் ஐஸ் ஒன்றுதான். தண்ணீரை உயரமான தகரக் கேனில் ஊற்றி உப்புநீர்த் தொட்டியில் இறக்கினால், அது சுவர்ப் பக்கத்திலிருந்து உள்நோக்கி உறையும். காற்றையும் அழுக்கையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் பாரின் நடுவே வெள்ளையாக ஒரு தண்டு நிற்கும். கண்ணாடிபோல ஐஸ் வேண்டுமென்றால் குழாயால் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் நடுவில் நிற்கும் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மச்சினனுக்காக அத்தனையும் செய்திருந்தார். கூடத்தைக் குளிரூட்டியிருந்தும் பார்கள் விளிம்பு கரைந்து மழுங்கிவிடுவதால் வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக ஒன்பது போக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காற்றுக்குழாயை இறக்கவே இல்லை. ஒன்பது பாரும் நெஞ்சில் வெள்ளைத் தண்டோடு கூடத்துக்குப் போயின. நல்ல ஐஸ் எது, கெட்ட ஐஸ் எது என்று ஊருக்கே தெரியட்டும் என்று வீட்டில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி பத்திரிகையைக் கொண்டுவந்து அவர் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாள். "பாருங்க! 'துருவத்தின் முதுகெலும்பைக் கண்டெடுத்த கலைஞன்'னு போட்டிருக்கான். பத்தாயிரம் வருஷத்து மூச்சு அதுக்குள்ள உறைஞ்சிருக்காம். அந்த வெள்ளையைப் பார்த்து ரெண்டு பேரு அழுதே புட்டாங்களாம்."

போர்மேன் காபியைக் கீழே வைத்தார். மூன்று நாள் எதையும் வாயில் வைக்கவில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். ஒரு வேளைதான் என்பது வீட்டுக்காரியின் வாதம். அவன் தலையில் மண்ணை வாரிப் போடப் போனால், அவன் அதைப் பொன்தூள் என்று ஊரெல்லாம் காட்டுகிறானே!

மூன்றாம் நாள் மச்சினனே பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். பெரிய அருங்காட்சியகம் ஒன்று இந்தப் படைப்பை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறதாம். பார்த்துச் சொல்ல ஒரு பனி ஆய்வாளரை அனுப்புகிறார்கள். துருவத்தில் இரண்டு குளிர்காலம் கூடாரம் போட்டு இருந்த அம்மாளாம். இன்னும் மூன்று வாரத்தில் வருகிறாராம்.

"மச்சான், அன்னைக்கு அதே முதுகெலும்பு வேணும். ஒன்பதும் அப்படியே இருக்கணும்."

"ஒன்பதும் அப்படியேதானே?" என்றார் போர்மேன். "கவலையே படாதே மாப்ள. உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

ஃபேக்டரி மூலையில் பதினேழாம் நம்பர் கேன் சும்மா கிடந்தது. எந்தக் காலத்திலோ தூக்குக் கொக்கி மோதி, முட்டி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. அதில் உறையும் பாரில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். நடுத்தண்டும் பள்ளத்துக்குப் பயந்ததுபோல எதிர்ப்பக்கம் விலகி வளையும். விற்பனைக்கு ஆகாது என்று அவரே ஒதுக்கி வைத்த கேன்.

இப்போது அதைத் தூக்கி, கழுவி, முத்தம் ஒன்றுதான் கொடுக்கவில்லை. ஒரு பாருக்கு இரண்டு நாள். ஒன்பது பாருக்குப் பதினெட்டு நாள். தொட்டியில் நூறு கேன் காலியாக இருந்தும் அந்த ஒரு கேனிலேயே ஒவ்வொன்றாக உறைய வைத்து, எடுத்து, குளிர்கிடங்கில் அடுக்கினார். கல்யாணத்துக்குக்கூட அவர் இத்தனை ஆசையாக நாள் எண்ணியதில்லை.

குறித்த நாள் காலையில் பார்களை அவரே வந்து இறக்கினார். ஒன்றின் பள்ளம் வடக்கே பார்க்க, ஒன்று சுவரைப் பார்க்க, ஒன்று கோணலாக என்று ஒன்பதையும் ஒன்பது விதமாகத் திருப்பி வைத்தார். மச்சினன் ஒரு கையில் ஃபோனும் மறுகையில் உளியுமாக மூலைகளைக் கொத்தித் துருவத்துக் களை ஏற்றினான். நிறுத்தி நிதானமாக ஒரு பாரையாவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பான். ஐஸை அவன் என்றைக்குப் பார்த்தான்? ஐஸைப் பார்க்கிறவர்களின் முகத்தை அல்லவா பார்த்தான்!

ஆய்வாளர் அம்மாள் வந்தார். குட்டையான உருவம், வெயிலில் வெந்த முகம். கூடவே கண்காட்சிக் கூடத்தின் இயக்குநர் ஒருபுறம், மச்சினன் மறுபுறம். தம்பியின் பெருமையைக் காண வீட்டுக்காரியும் வந்திருந்தாள். மச்சினன் பத்தாயிரம் ஆண்டுத் தனிமையைப் பற்றி ஆரம்பித்தான். அம்மாள் கையுறையைக் கழற்றினார். அவர் கண்ணால் பார்க்கிற ரகம் இல்லை, தொட்டுப் பார்க்கிற ரகம். முதல் பாரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். கை ஓரிடத்தில் நின்றது. இரண்டாவது பாருக்குப் போய்க் குனிந்து தடவினார். மூன்றாவதுக்கு நேராக முட்டி உயரத்துக்கே கையை நீட்டினார். ஒன்பதாவதைத் தொட்டபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இது ஒன்பதும் எங்கெங்கே இருந்து எடுத்தீங்க?"

"ஒன்பது திசையிலேருந்துங்க. ஒண்ணுக்கொண்ணு நூறு மைல்."

"அப்படியா? நூறு மைல் தள்ளி மிதந்தாலும் ஒன்பதுக்கும் ஒரே இடத்துல ஒரே அடி விழுந்திருக்கே! பத்தாயிரம் வருஷமும் ஒரே டப்பாவுக்குள்ள மாறி மாறிக் குடியிருந்ததுங்களோ?"

இயக்குநர் ஒவ்வொரு பாராக ஓடிக் குனிந்தார். மச்சினன் முகத்தில் விளக்கின் நீலம் முழுசாக இறங்கியது. "மச்சான்... மச்சான், நீங்க சொல்லுங்க. கப்பல்ல வந்துச்சுல்ல?"

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுக்காரியின் கண், வேண்டாம் என்று கெஞ்சியது. போர்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முப்பத்தாறு வருடமாக யாரும் அவரிடம் ஐஸைப் பற்றிக் கேட்டதில்லை.

நாற்பது நிமிடம் பேசினார். உப்புநீரின் குளிர் எத்தனை, தண்டு எந்த மணியில் விழும், பதினேழாம் நம்பர் கேனுக்கு அடி எப்படிப் பட்டது, ஒரே கேனில் பதினெட்டு நாள் ஏன் செய்தார் என்பதுவரை ஒன்று விடவில்லை. அம்மாள் குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொண்டார். மச்சினன் ஒன்பது பாரையும்விட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தான்.

"அருங்காட்சியகத்துக்கு இது வேண்டாம்" என்றார் அம்மாள், குறிப்பேட்டை மூடி. "ஆனா இவரு ஃபேக்டரியை எனக்குக் காட்டணும்."

"நாலு மணிக்குக் கதவைத் திறக்கணும்" என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்தப் பொய்ப் பலகை இருந்தா நான் ஜெயிலுக்குப் போவேன். அச்சடிக்க நேரம் இல்ல. தூரிகையை எடுங்க. நீங்களே எழுதுங்க."

மச்சினன் வாசலில் மண்டி போட்டு எழுதினான். போர்மேன் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பின்னால் இருந்து சொல்லிக்கொடுத்தார். "ஐஸ் ஆக்கம்னு போடு. கீழ என் பேரு. பழச்சாறு கம்பெனி எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிசா, மாப்ள. இன்னும் கொஞ்சம். ம்... உன் பேரா? இடம் மிச்சமிருந்தா ஓரமாப் போட்டுக்கோ."

வீட்டுக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் தனக்கு அர்ச்சனை நிச்சயம் உண்டு என்று போர்மேன் தயாராகத்தான் இருந்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்து பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"டேய்," என்றாள் தம்பியிடம். "இவரு இனிஷியலை விட்டுட்டே. அழிச்சிட்டு முதல்ல இருந்து எழுது."