வெறும் தண்ணீர்க் குழியும் நீலமானது

1

கதை என்னுடையதல்ல. லிங்கராஜபுரம் பஸ்ஸில் என் மனைவியின் தோழி டோரதி சொன்னது. பாதியில் அவர் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டார். மீதிக்கு நான் பொறுப்பு.

2

சால்மொனெல்லா எனப்படும் நுண்ணுயிரி...

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

டோரதிக்கு பொம்மனஹள்ளியில் ஒரு ஆராய்ச்சி லேபில் வேலை. முட்டை, கோழிக்கறி வழியாக வந்து வயிற்றைக் கலக்கும் சால்மொனெல்லா கிருமியைப் பிடிக்க, அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியை ஆட்டு ரத்தத்திலிருந்து தயாரித்திருந்தார்கள். எட்டு மாத உழைப்பு. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். கிருமி இருக்கும் குழி நீலமாக வேண்டும், வெறும் தண்ணீர்க் குழி அப்படியே இருக்க வேண்டும். அன்று எல்லாமே நீலம்.

"என்னம்மா டோரதி, தண்ணிக்கும் பேதியா?" என்றார் மேலதிகாரி நரேஷ். "சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா இந்த பேட்ச் குப்பைக்குத்தான்."

(நரேஷை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சொல்லிவிட்டு அவரும் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தாராம்.)

3

"அக்கா, பால் பவுடர் டப்பாவ பாத்தீங்களா? காபி போடணும்." கூட வேலை பார்க்கும் சஹானா எட்டிப் பார்த்தாள்.

டோரதிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, குழிகளை முதலில் ஏதாவது புரதத்தால் பூசுவார்கள். வழக்கமான சரக்கு தீர்ந்திருந்ததால், பல லேப்களில் செய்வதுபோல் அவர் பால் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தார். பாலில் மாட்டின் ஆன்டிபாடியும் உண்டு. ஆட்டு ஆன்டிபாடியைத் தேடிப் பிடித்து நிறம் காட்ட வேண்டிய இரண்டாவது ஆன்டிபாடி, அந்த மாட்டு ஆன்டிபாடியையும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் தண்ணீர்க் குழியும் நீலம்.

"ஐயோ ஏசப்பா! மாட்டப் போய் ஆடுன்னு நெனச்சிடுச்சுடி!"

"யாருக்கா, நரேஷ் சாரா?"

4

குழிகளைப் பூச, மாட்டுச் சம்பந்தமே இல்லாத மீன் ஜெலட்டினைப் பக்கத்து லேபில் கேட்டு வாங்கி, டோரதி புதுத் தட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தார். பால் இல்லை. காபியும்

(காபி குடித்தாரா? கேட்க மறந்துவிட்டேன்.)

மணி ஐந்தே கால். நிறம் வரவைக்கும் திரவம் ஊற்றியாயிற்று. கிருமிக் குழிகள் நீலமாக ஆரம்பித்துவிட்டன. மூன்று தலைகளும் தண்ணீர்க் குழிமேல் கவிழ்ந்திருக்கின்றன.

"யாரும் மூச்சு விடாதீங்கப்பா," என்கிறார் நரேஷ்.

கைதட்டலோடு ஒரு முடிவு எழுதினேன், சினிமாவாக இருந்தது. அழுகையோடு ஒன்று எழுதினேன், கிழித்துவிட்டேன். அந்தக் குழிக்கு என்ன நிறம் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நீலம்தான் என்றால், டோரதியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். என்னால் ஆகாது.