பேர் கூப்பிடும் நேரம்

அந்த மாதம் முழுவதும் என் காலைகள் ஒரே மாதிரி இருந்தன. எழுந்ததும் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பேன். முகம் கழுவுவேன். தேத்தண்ணீர் போட்டு நின்றபடியே குடிப்பேன். மாவு பிசைவேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் போறணை அடுப்பில் விறகு மூட்டிப் பணிஸ், அதாவது பன், சுடுவேன். ஆறியதும் ஒன்றை எடுத்து வாசலில் கிடக்கும் நாய்க்குப் போடுவேன். நாய் முதலில் பணிசைப் பார்க்கும். அப்புறம் என்னைப் பார்க்கும். அப்புறம் எழுந்து அடுத்த லயத்துக்குப் போய்விடும். நான் குளித்து, சட்டை மாற்றி, பஸ் பிடித்து வேலைக்குப் போவேன்.

சிறுதொழில் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

நான் வணிகவியல் பட்டதாரி. அரசாங்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். திரையில் படம் காட்டி, தரக் கட்டுப்பாடு, சந்தைப்படுத்தல் என்றெல்லாம் பேசுவேன். சாப்பாட்டுப் பார்சல் வரும்வரை எல்லோரும் பொறுமையாகக் கேட்பார்கள். வாழ்க்கையில் நான் எதையும் விற்றதில்லை. ஒருமுறை பழைய சைக்கிளை விற்கப் பார்த்தேன். வாங்க வந்தவர் பேசிப் பேசி விலையைப் பாதியாக்கி, காற்றடிக்கும் பம்பையும் சும்மா வாங்கிக்கொண்டு போனார்.

விற்றவள் என் மனைவி கிருஷாந்தி. அவளுடைய வெங்காயச் சீனிச்சம்பல் வைத்த பணிஸ் கொட்டகலை பஸ் தரிப்பிடத்துக் கடைகளில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிரேமினி, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வந்து அவளோடு சேர்ந்து சுட்டாள். செங்கல் போறணை சின்னது. மழைக்காலத்தில் விறகு புகையும், எரியாது. காஸில் எரியும் பெரிய போறணை ஒன்று வாங்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வங்கிக்குப் போனோம். காணி உறுதிப் பத்திரம் கேட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து லயத்துக் காம்பராவில் இருக்கிறோம், உறுதி ஏது? படித்த புருஷன் அதிகாரியிடம் வாதாடுவான் என்று கிருஷாந்தி எதிர்பார்த்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

மிஞ்சியது எங்கள் தோட்டத்துச் சிக்கன கடனுதவிச் சங்கம். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் அதில் அதிகம். மாதாமாதம் சேமிப்பார்கள், அந்தப் பணத்தையே ஒருவர் மாற்றி ஒருவர் கடனாக எடுத்து ஆடு வாங்குவார்கள், தையல் மெஷின் வாங்குவார்கள். உறுதி கேட்பதில்லை. கூட்டத்துக்கு வர வேண்டும், பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பேர் கூப்பிடுவது பெரட்டில் கூப்பிடுவது போலவே நடக்கும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், பெண்டாட்டி பிந்திவிட்டால் புருஷன் "வருது" என்று குரல் கொடுப்பான்; பேர் பதிவில் விழுந்துவிடும். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் காலித் தொட்டில்களுக்கு நடுவே. கிருஷாந்தி கையில் மாவோடு எப்போதும் பிந்தித்தான் வருவாள். நான் முன்னால் போய் உட்கார்ந்து "வருது" என்பேன். சங்கத்துக்கு நான் ஆற்றிய ஒரே சேவை அது.

கடன் பாஸான கூட்டத்திலும் நான்தான் "வருது" சொன்னேன். அவள் அப்போது காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். நன்றி சொன்னேன்.

கருமாதிக்குப் பிறகு வந்த கூட்டத்தில், மறந்தார்களோ மனம் வரவில்லையோ, அவள் பேரையும் கூப்பிட்டார்கள்.

"வருது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவி சண்முகவடிவு அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இப்பிடியே வருது வருதுன்னா சங்கத்தப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். செத்தவளுக்குக் கடன் குடுத்தாங்கன்னு ஊரே சிரிக்கும்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? நல்லது. நீங்க படிச்சவரு. வீட்டாளு யாராச்சும் அந்தத் தொழிலச் செஞ்சா பேர மாத்தலாம். அடுத்த கூட்டத்துக்குள்ள மாத்தாட்டி கடன் வேற ஆளுக்குப் போயிரும்."

"பிரேமினிக்குக் குடுக்கலாமே?"

"அவ மாமியா சங்கத்துல இருக்காங்க. ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுதான்."

பிரேமினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போறணை வந்தால் அவளுக்குத் தொழில். வராவிட்டால் மறுபடி கொழுந்துக்கூடை, அதுவும் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டால்.

"நான் சுடுறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். பேசியது நான்தான்.

அப்படித்தான் அந்த மாதம் வந்தது. பிரேமினி சொல்லிக்கொடுத்தாள். "மாவ ஏண்ணே இந்த அடி அடிக்கிறீங்க? அது உங்கள என்னா பண்ணிச்சு?" என்பாள். மெதுவாகப் பிசைந்தாலும் பணிஸ் கல்லாகத்தான் வந்தது.

பேர் மாற்றுவதற்கு முன் தொழிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். சண்முகவடிவு அக்காவும் இன்னொரு பெண்மணியும் வந்தார்கள். தட்டை நீட்டினேன்.

"இது என்னா தம்பி?"

"பணிஸ்."

"சரி, படிச்சவங்க சொன்னா சரிதான்."

தேத்தண்ணீரில் நனைத்தார். காத்திருந்தார். மறுபடி நனைத்தார். கூட வந்தவர் தன் பணிசைச் சுவரில் தட்டிப் பார்த்தார்.

"காஸ் போறணை எதுக்குக்கா? இத வச்சு நாலு செவரு கட்டிரலாமே."

பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டு போறணைப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் குலுங்கின. அது சிரிப்பில்லை என்று கொஞ்சம் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது.

பலவீனத்தை வாய்ப்பாக மாற்றுங்கள் என்று பயிற்சியில் ஒரு வாசகம் சொல்வேன். அதை அப்போது சொல்லாமலிருக்கும் அளவுக்கு அறிவு மிச்சமிருந்தது.

"எனக்குச் சுட வராதுக்கா" என்றேன். "பிரேமினி சுடட்டும். நான் தட்டத் தூக்கிட்டுப் போய் விக்கிறேன். விக்கிறதும் தொழில்தானே?"

"நீங்களா? சட்டப் பையில பேனையோடயா?"

"பேனைய எடுத்துடுறேன்."

சண்முகவடிவு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வித்துக் காட்டுங்க. நான் வந்து பாப்பேன்."

மறுநாள் பிரேமினி சுட்ட பணிசோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். கூவ வாய் வரவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல் ரோட்டைப் பார்த்தேன். சண்முகவடிவு அக்கா எதிர்ப்பக்கம் குடையோடு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று வந்து தட்டை எட்டிப் பார்த்தது.

"இது அந்த அக்கா சுடுற பணிசா?"

"அந்த மாதிரிதான்" என்றேன்.

தட்டு காலியாகிவிட்டது. விற்றது நான் இல்லை. ஆனாலும் எதிர்ப்பக்கம் குடை ஒருமுறை தலையாட்டியது.

அடுத்த கூட்டத்தில், கிருஷாந்தியின் பேர் வரும் இடத்தில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.

"சுமன்."

பதில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் வேறு பேர் வந்ததை அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

"சுமன்! பதில் இல்லாட்டி கடன் இல்ல, தெரியும்தானே?"

கதவோரத்திலிருந்து பிரேமினி சத்தமாகச் சொன்னாள்: "வருது!"

பிள்ளைக்காம்பரா முழுக்கச் சிரித்தது.

"அடியே, ஆளு இந்தா கல்லு மாதிரி உக்காந்திருக்கு. எங்கேருந்துடி வருது?" என்றார் சண்முகவடிவு அக்கா.

"வந்துக்கிட்டுதான்க்கா இருக்கு. கொஞ்சம் பிந்தும்."

பேர் விழுந்தது.

திரும்பி வரும்போது பிரேமினி கேட்டாள்: "கிருஷாந்தி அக்கா கடைசியா என்னாண்ணே சொன்னாங்க?"

சாவு வீட்டிலும் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றிருந்தேன். சாவு வீட்டில் சொல்லும்படியான பேச்சாக அது இல்லை. பிரேமினியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள், ஊசி ஏற்றியிருந்த கையாலேயே என்னைக் கதவுப் பக்கம் தள்ளினாள்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு, கெளம்புங்க. பேரு கூப்புட்டா வருதுன்னு சொல்லுங்க. பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."