பன்னிரண்டு ஜோடிச் செருப்பு

மாலை ஐந்து ஐம்பது. படம் எடுத்ததும் ரோஷினி நோட்டில் குறித்துக்கொண்ட நேரம் அது.

அச்சங்குளம் கண்மாய்க் கரையில் ஸ்டாண்ட் போட்டு நின்றிருந்தாள். கறுப்பு வெள்ளை பிலிம். எதிரே வடக்கில் பட்டாசு ஆலையின் வெள்ளை அறைகள், பின்னால் பனைகள். மேற்கு வெயில் தரையோடு தரையாக வந்தது. பகல் முழுக்க வண்டிகள் கிளப்பிய புழுதி காற்றில் நின்றது. அதில் முதல் வரிசைப் பனை கறுப்பு, அடுத்தது சாம்பல், கடைசி வரிசை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்காக மூன்று நாள் காத்திருந்தாள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாடத்தி பக்கத்தில் வந்து பார்த்தாள். அவள் புருசன் சின்னச்சாமி அந்த ஆலையில் மருந்து கலப்பவன்.

"எதுக்குத் தாயி படம்?"

"காலண்டருக்கு. கறுப்பு வெள்ளை."

"கலர் இல்லாமலா? துக்க நோட்டீசு மாதிரில்ல இருக்கும்!"

ரோஷினி சிரித்தாள். ஸ்டாண்டை மடக்கும்போது மூன்றாவது அறை வெடித்தது.

ஐந்து நாளாயிற்று. சின்னச்சாமி மதுரையில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மருந்து கலப்பதைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிக்க வேண்டும் என்பது விதி. நாலு மணிக்கே ஆலையைப் பூட்டிவிட்டோம், அவன் மட்டும் திருட்டுத்தனமாக உள்ளே போய்க் கலந்தான் என்றது கம்பெனி. வழக்கு அவன் மேல். வெறுங்காலோடு ஓடித் தப்பிய மற்ற பதினோரு பேரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அடுத்த சீசனுக்கும் வேலை வேண்டும்.

ஆலை ரோஷினியின் பெரியப்பா சீனிவாசகத்துடையது. திருத்தங்கல் அச்சகமும் அவருடையதுதான். அதன் மாடி அறையில் படம் ஈரத்தோடு கிளிப்பில் தொங்கியது. இருவரும் அதன் முன் நின்றார்கள். அதைப் பார்க்க விசாரணை அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்தே முக்கால்.

மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசலில் கழற்றிவிடுவார்கள். உச்சி வெயிலில் எடுத்திருந்தால் அந்தத் தூரத்துக்குச் செருப்பு தெரிந்திருக்காது. சாய்ந்த வெயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ நிழலை இழுத்துவிட்டிருந்தது. ரோஷினி எண்ணிப் பார்த்திருந்தாள். ஐந்து வாசலில் பன்னிரண்டு ஜோடி.

"காலையில எடுத்ததுன்னு சொல்லிரும்மா," என்றார் சீனிவாசகம். "காலையில ஆளு வேலை பாக்கத்தான் செய்யும்."

"நிழல் கிழக்க விழுது பெரியப்பா."

"நெகட்டிவ்வத் திருப்பிப் போட்டு அடி. மேக்க விழும். நாப்பது வருசமா பிரஸ் வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

திருப்பலாம். திருப்பியதைக் காட்டிக்கொடுக்கப் படத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் ராத்திரி புழுதி அடங்கிவிடும். காலையில் கடைசிப் பனையும் கறுப்பாகவே நிற்கும். இந்தச் சாம்பல் வராது. அது அவளுக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது.

"அந்த நோட்டையும் கிழிச்சிரு. கம்பெனியில உங்கப்பனும் பார்ட்னரு. ஞாவகம் இருக்கட்டும்."

படியில் காலடி கேட்டது. மாடத்தி ஏறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் முதலாளியைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ எதுக்கு இங்கன வந்த?"

"தாயியப் பாக்கத்தான் மொதலாளி. அன்னைக்குக் கரையில நானும்தான நின்னேன். பொண்டாட்டி சொன்னா செல்லாதுன்னுட்டாக."

"அது காலையில எடுத்த படம். போ."

மாடத்தி போகவில்லை. ஈரப்படத்துக்கு நேரே போய் நின்று பார்த்தாள். கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. சீனிவாசகம் ரோஷினியைப் பார்த்தார். நோட்டு அவள் கையில் இருந்தது.

"நீங்க சொல்லுங்க தாயி," என்றாள் மாடத்தி. "இது காலையா, சாயங்காலமா?"