எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

டங், டங், டங் என்று யாரோ தகரத்தை அடித்துக்கொண்டு கடற்கரையோடு ஓடினார்கள்.

அஞ்சலாட்சி பாயை விட்டு எழுந்து, கடலைப் பார்த்த பச்சை மரக்கதவைத் திறந்தாள். திறந்த கையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். புன்னைக்குப்பத்துக்கு வந்த இரண்டு நாளில் எத்தனையோ நாற்றங்களை அவள் சகித்தாயிற்று. வெயிலில் காயும் நெத்திலி, வலையில் சிக்கி அழுகிய சொறிமீன், விடிகிற நேரத்தில் குந்த வரும் ஊர்ஜனத்தால் கால் வைக்க முடியாத வடக்குக் கரை. இது அவை எதிலும் சேரவில்லை. இது தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு நேர் எதிரே, அலை வந்து திரும்புகிற இடத்தில், ஒரு மாட்டு வண்டியை விடப் பெரிதாகக் கறுப்பாய் ஒன்று கிடந்தது. வயிறு உப்பி மினுமினுத்தது. தோல் உரிந்த இடங்களில் நண்டுகள் மொய்த்தன.

"திமிங்கலக் குட்டி. செத்து நாலு நாளாவது ஆயிருக்கும்" என்று வாசலில் நின்ற வீராயி சொன்னாள். குப்பத்துக்காரி. குடிதண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதற்காக அஞ்சலாட்சியின் புருஷன் அலுவலகத்தார் ஏற்பாடு செய்த பெண். "நீ உள்ள போ யம்மா. இத முழுசாப் பாத்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது."

அஞ்சலாட்சி உள்ளே போகவில்லை. முழுசாகப் பார்த்தாள். பிறகு புன்னைமரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அவள் இங்கே இளைப்பாற வந்தவள் அல்ல. இளைப்பாற வரப்போகிறவர் வேறு. பிரெஞ்சுத் துரைமார்கள் கொடியை இறக்கிவிட்டுக் கப்பலேறி ஒன்றரை வருஷமாகிறது. அவர்கள் காலத்துக் குமாஸ்தாக்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று புது சர்க்கார் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சியின் புருஷன் கோவிந்தராசு அந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட வேண்டியவர் சென்னையிலிருந்து வந்திருந்த சுப்பிரமணியன். "எங்கேயாவது கூட்டமில்லாத கடற்கரையாகப் பார்த்து ரெண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் தேவலை" என்று அவர் வாய்தவறி ஒரு நாள் சொல்லிவிட்டார். புதுச்சேரிக்குத் தெற்கே ஏழு மைலில், யாரோ ஒரு துரை கட்டிவிட்டுப் போன காற்று வாங்கும் வீடு பூட்டிக் கிடப்பது கோவிந்தராசுவுக்கு உடனே ஞாபகம் வந்தது. சாவியை வாங்கினான். ரெட்டியார்பாளையத்தில் தங்கள் வீட்டைப் பூட்டினான். பெண்டாட்டியை இங்கே கூட்டிவந்து ஒட்டடை அடிக்க வைத்தான்.

அதிகாரி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு வருகிறார். இன்று வெள்ளிக்கிழமை.

கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினான். துரை விட்டுப்போன அலமாரியில் பாதி காலியான வாசனைத் தண்ணீர் புட்டி ஒன்று கிடைத்திருந்தது. அதைக் கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைத்திருந்தான்.

குப்பத்து ஆண்கள் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவன் வீராயியின் புருஷன் கன்னியப்பன். குமாஸ்தாவைத் துரைமார் காலத்து வழக்கப்படி இன்னும் முசியே என்றுதான் கூப்பிடுவான்.

"கவலைப்படாதீங்க முசியே. மேட்டுல, அதோ அந்தத் தாழம்புதருக்குப் பின்னால குழி வெட்டிருவோம். இருவது பேரு எறங்குனா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். எங்க அப்பன் காலத்துல ஒண்ணு இப்படித்தான் ஒதுங்குச்சி. கற்பூரம் ஏத்திப் பொதைச்சாங்க."

"பொதைக்கறதா?" என்றான் கோவிந்தராசு. "பொதைச்சா இன்னா ஆவும் தெரியுமா? நம்ம எல்லைக்குள்ள இவ்வளவு பெரிய பிணம் ஒதுங்குனா, கண்டது இன்னது, செஞ்சது இன்னதுன்னு ஒரு புரொசே வெர்பால் எழுதணும். மூணு நகல். சுகாதாரத்துக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. அப்புறம் எந்த அதிகாரத்துல குழி வெட்டுனேன்னு ஒரு கேள்வி வரும். அது யாரு மேசைக்குப் போகும்? காத்து வாங்க வர்றாரே, அவரு மேசைக்கு."

"அதுக்கு?"

கோவிந்தராசு தெற்கே கையைக் காட்டினான். சவுக்குத் தோப்பின் ஓரத்தில், மணலுக்கு மேலே இரண்டு சாண் உயரத்துக்கு ஒரு கருங்கல் தெரிந்தது. புதுச்சேரி எல்லை அதோடு முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம்.

"அந்தக் கல்லுக்கு அந்தாண்ட இழுத்து விட்டுருங்க. அப்புறம் அது நம்ம பிணம் இல்ல. அவங்க பிணம்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"வைகாசி மாசம் முசியே. தண்ணி தெக்கேர்ந்து வடக்க ஓடும். கல்லு, எல்லைன்னு அதுக்குத் தெரியாது. இன்னிக்குத் தள்ளுனா நாளன்னிக்கு இங்கதான் வந்து நிக்கும்."

"நீ தண்ணி பாக்கற வேலையப் பாரு. நான் சர்க்கார் வேலையப் பாத்துக்கறேன்" என்ற கோவிந்தராசு, குரலைத் தணித்துக்கொண்டான். "ஒங்க பொம்பளைங்க ஒரு மைல் நடந்து தண்ணி தூக்கறாங்கல்ல? ஐயா வந்ததும் மொதல் வார்த்தையே அதுதான். குப்பத்துக்கு ஒரு கெணறு. என் வாயால நானே சொல்றேன்."

வீராயி தன் தலையிலிருந்த தவலையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். கன்னியப்பன் கயிறு எடுத்துவரப் போய்விட்டான்.

கடல் ஏறும் நேரம் பார்த்துப் பிற்பகலில் இழுத்தார்கள். வாலில் வடக்கயிறு கட்டி, இரண்டு கட்டுமரங்கள் முன்னால் இழுக்க, பன்னிரண்டு பேர் மார்பளவுத் தண்ணீரில் நின்று தோள் கொடுத்தார்கள். தொட்ட இடமெல்லாம் தோல் கையோடு வந்தது. ஒருவன் கை அதன் விலாவுக்குள் முழங்கை வரை இறங்கிவிட்டது. அவன் ஓங்கரித்துக்கொண்டே கடலில் முங்கினான். மற்றவர்கள் அவனைக் கேலி பண்ணினார்கள்.

"டேய், பாத்துடா. ஒன் பொண்டாட்டி இன்னிக்கி ஒன்ன வாசல்லதான் படுக்கப் போடுவா."

"அவ என்னிக்கிடா உள்ள படுக்க விட்டா?"

கோவிந்தராசு மணல்மேட்டில் நின்று கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றான். கல்லைத் தாண்டி முப்பது முழம் போனதும், "போதும் போதும்" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. கரை கழுவிவிட்டாற்போல் இருந்தது. காற்றில் உப்பைத் தவிர வேறு வாசனை இல்லை. கோவிந்தராசு சீட்டியடித்துக்கொண்டே சவரம் செய்துகொண்டான்.

வீராயி அஞ்சலாட்சியைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனாள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மேற்கே உப்பங்கழி. கலங்காத பச்சைத் தண்ணீர். முழங்காலளவு ஆழத்தில் இறால் குஞ்சுகள் கண்ணாடித் துண்டுகள் போல் துள்ளின. வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நின்றன. தாழம்பூ எங்கோ மறைவில் பூத்து மணத்தது. ஆள் அரவம் கேட்டதும் சின்னச் சின்னச் சிவப்பு நண்டுகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வளைக்குள் போய் ஒளிந்தன.

"ஒங்க ஐயா இதையெல்லாம் பாக்கத்தான் வராரா?" என்று வீராயி கேட்டாள்.

"காத்து வாங்க வராரு."

"அது இங்க சும்மாதான் கெடைக்குது. எங்ககிட்ட இல்லாதது தண்ணிதான்." வீராயி சிரித்தாள். "கெணறு வந்தா அந்தப் புன்னைமரத்தாண்ட வெட்டச் சொல்லணும். அங்க ஊத்து இனிப்பா இருக்கும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு."

திரும்பும்போது கன்னியப்பன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த கோடு ஆழமாக ஓடியிருந்தது. அழுகல் தண்ணீர் பட்டு அது சிவந்து வீங்கியிருந்தது. அஞ்சலாட்சி வீட்டுக்குப் போய் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தாள். அவள் விரல் பட்டதும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் கையிலிருந்து அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அவளுக்குக் குமட்டியது. ஆனாலும் தடவி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மத்தியானம் சோறு போடும்போது புருஷனிடம் கேட்டாள்:

"இன்னாங்க, அந்தக் கெணத்து விஷயம் எப்படி ஆரம்பிக்கப் போறீங்க?"

"எந்தக் கெணறு?"

அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"ஓ, அதுவா" என்றான் கோவிந்தராசு ரசத்தைப் பிசைந்துகொண்டே. "ஏதாவது சொன்னாத்தானே அவனுங்க எறங்குவானுங்க. வந்த அன்னிக்கே அந்த மனுஷன்கிட்ட கெணறு, குட்டைன்னு ஆரம்பிச்சா என் காயிதத்த எப்ப பாப்பாரு? அப்பளம் இருக்கா?"

அவன் நன்றாகச் சாப்பிட்டான். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். அஞ்சலாட்சி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லாத விரல்கள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது யாரும் தகரம் அடிக்கவில்லை. தேவைப்படவில்லை. மூடிய கதவு இடுக்கு வழியாகவே சேதி வந்து சேர்ந்துவிட்டது.

திமிங்கலம் திரும்பி வந்திருந்தது. முதலில் கிடந்த இடத்திலிருந்து பத்தடிகூடத் தள்ளி ஒதுங்கவில்லை. ஆனால் முன்பு பார்த்த திமிங்கலம் அல்ல இது. ஒரு கண் இல்லை. தாடை தொங்கியது. வயிறு இரண்டு மடங்காக உப்பி நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் ஏறி நின்ற காகங்கள்கூடக் கொத்தத் தயங்கின.

கோவிந்தராசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்து குடிசை குடிசையாக ஓடினான். சவுக்குக் கிளைகளை வெட்டிவந்து மூடச் சொன்னான். கன்னியப்பன் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றான்.

"மூடுனா நாறாதா முசியே?"

"நீ பேசாத. மூடு."

கன்னியப்பன் மூடினான். மற்றவர்களும் மூடினார்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணல் பாதையில் கறுப்புக் கார் ஒன்று ஊர்ந்து வந்து நின்றது.

சுப்பிரமணியன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் காலணியோடு இறங்கினார். நல்ல சிவப்பு; நல்ல உடம்பு. கடலைப் பார்த்து மார்பு நிறைய மூச்சை இழுத்தார். பாதியிலேயே நிறுத்தினார். காருக்குள் இருந்த அவர் மனைவி கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"என்னய்யா இது?" என்று சொல்லிக்கொண்டே அவர் சவுக்குக் கிளைக் குவியலை நோக்கி நடந்தார். "சார், வேண்டாம் சார்" என்று கோவிந்தராசு பின்னால் ஓடினான். அவர் கைத்தடியால் ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தார்.

பத்து மணி வெயில் அந்த வயிற்றின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய பறை கிழிந்ததுபோல் சத்தம் கேட்டது. கிளைகள் பறந்தன. குடலும் கொழுப்பும் பழுப்புத் தண்ணீருமாக நாலு பக்கமும் சிதறியது. ஒரு முழம் நீளத்துக்கு வழவழவென்று ஏதோ ஒன்று வந்து அதிகாரியின் இடது காலணிமேல் சுருண்டு படுத்தது.

கோவிந்தராசு குனிந்து, வாசனைக் கைக்குட்டையால் அதை எடுத்து எறிந்தான். மண்டியிட்டபடியே காலணியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இந்தக் குப்பத்து ஜனங்க வேலை சார்" என்றான் துடைத்துக்கொண்டே. "கொழுப்பு உருக்கலாம்னு எங்கேயிருந்தோ இழுத்துட்டு வந்துட்டானுங்க. பொதைங்கடான்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். கேக்கற ஜாதியா இது? வாழற எடமே இப்படித்தான் சார். இவனுங்கள இந்தக் கரைய விட்டே காலி பண்ணணும். அப்பத்தான் ஒங்கள மாதிரி பெரியவங்க வந்து போக முடியும்."

கன்னியப்பன் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டது. வீராயிக்கும் கேட்டது. அவள் இடுப்பில் தண்ணீர்க் குடம். அதிகாரியின் குடும்பம் குளிப்பதற்காக விடிகாலையிலிருந்து அவள் சுமந்ததில் அது நாலாவது நடை.

"காலி பண்றதுதானே? எழுதி வைங்க, பார்க்கலாம்" என்றார் சுப்பிரமணியன். மூக்கை மூடிக்கொண்டதால் குரல் வேறு மாதிரி வந்தது.

அஞ்சலாட்சி வாசற்படியை விட்டு இறங்கினாள். இப்போது வாயைத் திறந்தால் புருஷனின் வேலை போய்விடும். வேலை போனால் சோறு போய்விடும். அவள் அதை எல்லாம் யோசித்துவிட்டுத்தான் நடந்தாள். மண்டியிட்டிருந்த புருஷனைத் தாண்டி அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"அவங்க இழுத்துக்கினு வரல சார். தானா ஒதுங்குச்சி. பொதைக்கறோம்னு அவங்கதான் சொன்னாங்க. எழுத்து வேல வரும்னு பயந்துக்கினு, கல்லுக்கு அந்தாண்ட தள்ளிட்டா மெட்ராஸ்காரங்க தலையில போயிரும்னு இழுக்க வச்சவரு இவரு. கெணறு தரேன்னு ஆசை காட்டி இழுக்க வச்சாரு. அந்த ஆளு கையப் பாருங்க."

கோவிந்தராசு துடைப்பதை நிறுத்தினான். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. அவன் கழுத்து மட்டும் வெளுத்தது.

சுப்பிரமணியன் கன்னியப்பனின் கையைப் பார்க்கவில்லை. தெற்கே திரும்பி, சவுக்குத் தோப்போரம் நின்ற கருங்கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கிருந்து கல் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தார். பிறகு குனிந்து கோவிந்தராசுவின் தோளைத் தட்டி எழுப்பி நிறுத்தினார்.

"நல்ல யோசனைதானேம்மா, இன்னும் ரெண்டு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்றார். "கோவிந்தராசு, திங்கட்கிழமை காலையிலே உங்க பைலை எடுத்துண்டு என் ரூமுக்கு வாங்க."